கோப்பை நின்ற தூரம்

“உங்கட மார்க்கத்த நீங்க வெச்சிக்கோங்க.
எங்களுக்கு ஏன் சொல்லோணும், இவா?”
பொரளையில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில்,
அறிக்கை கொடுக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
சோற்றுப் பொதியை அவிழ்த்தபடி ஸஹ்மியா கேட்டாள்.
கோபமில்லை.
மாசிச் சம்பலை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கேட்டாள்.

இவாஞ்சலின் என்று பெயர் வைத்தார்கள்,
நற்செய்தி என்று அர்த்தமாம்.
பதிலை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை.

எங்கள் பூட்டனாரின் பூட்டனார்
ஒல்லாந்தர் தோம்பில் பெயர் பதிந்தது
உத்தியோகத்துக்காக. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
களனி ஆறு பெருகிய வருஷம்
பால்மாப் பைக்கெட்டுக்குள் துண்டுப் பிரசுரம்
மடித்து வைத்த விரல்கள் யாருடையவை என்பது
எனக்கு மட்டும் தெரியும்.
இப்போது சோறு பிசையும் இதே விரல்கள்.
கொலன்னாவையில் ஒரு தாய்
இரண்டையும் கும்பிட்டு வாங்கினாள்.
அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்.
அந்தக் கும்பிடு இன்னும் என்மேல் கடன்.

ஆகவே வெசாக் தன்சலைச் சொன்னேன்.

மகரகம பஸ். கிருலப்பனையில் பெடியன்கள்
கொடி காட்டி வீதியை மறித்தார்கள்.
டிரைவர் ஏசிக்கொண்டே பிரேக் போட்டான்.
ஜன்னலுக்குள் ஒரு கை:
மணிக்கட்டில் பிரித் நூல்,
கோப்பையில் பெலிமல், கொதிக்கக் கொதிக்க.
“பொன்ன, அக்கே.”
என் கழுத்துச் சிலுவையை அவன் கண்டான்.
கோப்பை பின்வாங்கவில்லை.
மூக்கருகே நெருங்கவும் இல்லை.
அங்கேயே நின்றது, அவன் விரலைச் சுட்டுக்கொண்டு.
பக்கத்து ஆசனக்காரர் தலையை ஆட்டினார்,
சீனி வருத்தமாம்.
அவருக்கும் அதே சிரிப்பு.
பெடியன் அடுத்த ஜன்னலுக்கு ஓடிவிட்டான்.

“அப்பிடியெண்டா எல்லாம் ஒண்டுதானே?”

இல்லை.
நாலரைக்கு எழும்பி சுபஹு தொழுகிறவளிடம்
எல்லாம் ஒன்றென்று சொல்வது மரியாதையில்லை.
அந்தப் பெடியனுக்குப் புண்ணியம் சேரும் என்கிறார்கள்.
எனக்குச் சேர்த்துவைக்க எதுவுமில்லை, ஸஹ்மியா.
சேர்க்கத் தேவையில்லை,
ஒருவர் எல்லாம் கட்டித் தீர்த்துவிட்டார்
என்பதுதான் என் செய்தியே.

போன மாதம் ஒரு தேங்காய் முதலாளி வந்தாரே,
உறையை வாசலிலேயே கிழித்துவிட்டு
“ஒண்டுமில்லையாம்! புற்று இல்லையாம்!” என்று
காவலாளியிடம், வரிசையில் நின்றவர்களிடம்,
லொத்தர் விற்கிறவளிடம்,
தமிழிலும் உடைந்த சிங்களத்திலும்.
தேங்காய் வாங்கச் சொல்லி ஒருவரையும் அவர் இழுக்கவில்லை.
சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.
அதே வரிசையில்
மற்ற மாதிரி உறையோடு ஒருத்தி நின்றாள்.
அவளைக் கண்டதும் அவர் குரல் இறங்கியது.
எனக்கு இரண்டும் வேண்டும்,
அந்தச் சத்தமும் அந்த இறக்கமும்.
முதலாவது சில ஞாயிறுகளில் வருகிறது.
இரண்டாவதை இப்போதுதான் பழகுகிறேன்.

ஸஹ்மியா முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.
“அப்ப நானும் எங்கடதச் சொல்லுவன். கேப்பியா?”
“சொல்லு.”

கண்ணாடியில் யாரோ சில்லறையால் தட்டினார்கள்.
இலக்கம் நாற்பத்தேழு.
எழும்பும்போது மீதிச் சம்பலை
என் சோற்றில் தட்டிவிட்டாள்,
வேணுமா என்று கேட்காமலே.